மாலுமியின் தூக்கமும் கப்பலின் இரைச்சலும்

(மங்கலம்பேட்டையில் தொழிலாளர்கள் கூடிய கூட்டம் ஒன்றில், கப்பல் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மங்கலம்பேட்டையில் வந்து கப்பலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே இருக்கிற ஊர் இது. "கடலை" என்று யாராவது சொன்னால் இங்கே மல்லாட்டைதான் ஞாபகத்துக்கு வரும். உண்மையான கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனாலும் கடல் நமக்கு அந்நியமல்ல. பழைய தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் கப்பலேறித்தான் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ராஜூலா' என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போன கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இங்கேயும் இருக்கலாம். இன்றைக்கு ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் பிட்டராக, மோட்டார்மேனாகக் கப்பலுக்குப் போகத் துடிக்கிறார்கள். ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டத்துக்கு விரோதம் என்பதை வழியோடு சொல்லிவிடுகிறேன். அது தனியே ஒரு நாள் பேச வேண்டிய விஷயம். அந்தப் பையன்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். எந்தெந்த நாடு பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். "நான் எங்கே படுப்பேன்? அங்கே தூக்கம் வருமா?" என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ரைஸ்மில்லின் மேல் குடித்தனம்

இப்போதைய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரம் பின்பக்கத்தில் இருக்கிறது. பெரிய கப்பலின் பிரதான இயந்திரம் நம் ஊர் மாடி வீட்டைவிட உயரமானது. அதற்கு நேர் மேலேயோ ஒட்டினாற்போலவோ ஐந்தாறு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கும். காப்டன் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் குடியிருப்பது அந்தக் கட்டடத்தில்தான்.

ஒரு ரைஸ்மில்லின் மேல் மாடியில் குடித்தனம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மில் பகலும் ஓடுகிறது, ராத்திரியும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, தீபாவளி இல்லை, ரம்ஜான் இல்லை. சுவர் செங்கல்லாக இருந்தால் சத்தத்தில் பாதியையாவது விழுங்கும். இங்கேயோ சுவர், தரை, கூரை எல்லாம் எஃகு. எஃகுக்குச் சத்தத்தை விழுங்கத் தெரியாது, கடத்தத்தான் தெரியும். முன்பக்கத்தில் ஒருவன் சுத்தியால் தட்டினால் பின்பக்கத்தில் படுத்திருப்பவன் தலையணையில் அது கேட்கும்.

கப்பலின் இரைச்சல் ஒரே இரைச்சலும் அல்ல. பிரதான இயந்திரம் அடித்தொண்டையில் உறுமுகிறது. அதைக் காது கேட்பதற்கு முன்னால் கட்டில் கேட்கும். மின்சார ஜெனரேட்டர்களுக்குத் துறைமுகத்திலும் ஓய்வு கிடையாது. காற்று ஊதும் விசிறிகள் குழாய் வழியே அறைக்குள்ளேயே வந்து ஊளையிடுகின்றன. பின்பக்கத்துச் சுழல்விசிறி தண்ணீரை அறையும்போதெல்லாம் உடம்பு அதிர்கிறது. காற்று எதிர்த்து அடித்தால் முன்பாகம் தூக்கித் தூக்கி அலையில் அறையும். துறைமுகத்துக்குள் வந்தாலோ நங்கூரச் சங்கிலி, சரக்கு அறையின் இரும்பு மூடி, கிரேன், ஒலிபெருக்கி என்று ஒன்று மாற்றி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகத் துரு தட்டுகிற சத்தம். கப்பல் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், மனிதன் தட்டிக்கொண்டே இருப்பான். அது பகல் வேலை. ராத்திரி வேலை பார்த்தவன் தூங்குவதும் பகலில்தான்.

நெய்வேலியில் ஷிப்டு பார்க்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். ராத்திரி ஷிப்டு முடித்துக் காலையில் படுத்தால் குழந்தைகள் கூச்சல், தெருவில் காய்கறிக்காரர், பக்கத்து வீட்டு மிக்ஸி. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலில் நடைமுறை என்னவென்றால், நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் விட்டு மறுபடி நான்கு மணி நேரம். நள்ளிரவு 12 முதல் 4 வரை நின்றவன் பகல் 12 முதல் 4 வரையும் நிற்பான். ஆள் குறைவாக வைத்து ஓட்டுகிற சிறு கப்பல்களில் இது ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு என்று சுருங்கிவிடும். அந்த ஆறு மணியில் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், துணி துவைக்க வேண்டும், வலை கிடைத்தால் வீட்டுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும். எஞ்சியதுதான் தூக்கம். அந்த எஞ்சியதில்தான் இரைச்சல் பங்கு கேட்கிறது.

"பழகிவிடும்" என்கிற பேச்சு

கப்பலில் சேர்ந்த புதிதில் எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு: "பத்து நாளில் பழகிவிடும்." எனக்கும் சொன்னார்கள். நானும் பின்னால் வந்த பையன்களிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது நிலைத்து நிற்கிறது. முதல் வாரத்தில் பத்து முறை விழித்தவன் இரண்டாம் மாதத்தில் இரண்டு முறைதான் விழிப்பான். மனதுக்குப் பழகிவிடுகிறது, வாஸ்தவம்.

உடம்புக்கு முழுதும் பழகுவதில்லை. இரைச்சலும் தூக்கமும் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது: விழிப்பு வராவிட்டாலும், ஒவ்வொரு சத்தத்துக்கும் இதயத்துடிப்பு கூடுகிறது, இரத்தக்குழாய் சுருங்குகிறது, ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமாக மாறுகிறது. காலையில் எழுந்தவன் "நன்றாகத்தான் தூங்கினேன்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. 1990களில் ஜப்பானில் கப்பல் இயந்திரத்தின் இரைச்சலைப் பதிவு செய்து, தூங்குகிறவர்களின் அறையில் 65 டெசிபல் அளவில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தூக்கத்தின் தரம் குறைந்தது.

கடலில் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாட்சி இருக்கிறது. நடுக்கடலில் ராத்திரி இயந்திரம் திடீரென்று நின்றுபோனால், தூங்குகிற அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து விடுவார்கள். சத்தத்தால் எழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். இது சத்தம் நின்றதால் எழுவது! அப்படியென்றால் என்ன அர்த்தம்? உடம்பு தூங்குகிறது, காது காவலிருக்கிறது. மாதக்கணக்கில் காவலிருக்கிற காவல்காரனுக்கு என்ன கதி நேருமோ அதுதான் மாலுமிக்கும் நேருகிறது. எரிச்சல், மறதி, தலைவலி, இரத்தக் கொதிப்பு, கைத்தவறு. இதற்கெல்லாம் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். காரணம் கட்டிலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

கைத்தவறு என்று சொன்னேன். கப்பலில் கைத்தவறு சின்ன விஷயமல்ல. 2010 ஏப்ரல் 3-ந் தேதி 'ஷென் நெங் 1' என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்தது. எண்ணெய் கசிந்தது, பவளப்பாறை நொறுங்கியது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை விசாரித்தது. பொறுப்பிலிருந்த முதல் அதிகாரி அதற்கு முந்திய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம்! அங்கே அவர் தூக்கத்தைத் தின்றது இரைச்சல் அல்ல, துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய வேலை. ஆனால் தூக்கம் எப்படிப் போனாலும் அதன் விலை ஒன்றுதான். 1989 மார்ச் 24-ந் தேதி அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது, காப்டனின் குடியைப் பற்றித்தான் உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அமெரிக்க விசாரணை வாரியம் குடியைச் சொன்னது. அதோடு கப்பலை நடத்திக்கொண்டிருந்த மூன்றாம் அதிகாரியின் களைப்பையும், தாங்க முடியாத வேலைச் சுமையையும் சொன்னது. குடி செய்தியாகும், களைப்பு செய்தியாகாது. ஒருவன் குடித்தான் என்றால் அவன் குற்றம். களைத்தான் என்றால் யார் குற்றம் என்ற கேள்வி வந்துவிடுமே!

72 கன அடி

யார் எங்கே படுப்பது என்பது கப்பலில் எக்காலத்திலும் வர்க்க விவகாரம்தான்; நம்மவர்களுக்கு அதோடு இனத்தின் விவகாரமும் கூட.

வெள்ளைக்காரன் காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களின் நெருப்பறையில் கரி தள்ளியவர்களும், தட்டில் கயிறு இழுத்தவர்களும் ஆயிரமாயிரம் இந்தியர்கள். 'லஸ்கர்' என்று பெயர். வங்காளத்தார், கொங்கணத்தார், குஜராத்தார், மலபாரார் என்று பல ஊர்க்காரர்கள். முதலாம் உலக யுத்தத்திலும் இரண்டாம் உலக யுத்தத்திலும் மூழ்கிய கப்பல்களோடு மூழ்கியவர்களில் அவர்கள் ஏராளம். பிரயாணிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கப்பலின் நடுப்பாகம். அங்கே ஆட்டமும் குறைவு, அதிர்வும் குறைவு. தொழிலாளிக்கு முன்மூக்கு அல்லது பின்வால். முன்மூக்கில் படுத்தால் அலையின் அறை, நங்கூரச் சங்கிலியின் ஓட்டம். பின்வாலில் படுத்தால் சுழல்விசிறியும் சுக்கானைத் திருப்பும் இயந்திரமும் காலடியில்.

பிரிட்டிஷ் சட்டம் ஒரு மாலுமிக்கு 72 கன அடி இடம் என்று வைத்திருந்தது. ஆறடி நீளம், ஆறடி உயரம், இரண்டடி அகலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு பீரோவின் அளவு! பிரிட்டிஷ் மாலுமிகள் போராடியதன் பேரில் 1906-ல் இதை 120 கன அடியாக உயர்த்தினார்கள். லஸ்கர்களுக்கு மட்டும் அந்த உயர்வு இல்லை என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். இந்தியனுக்குத் தூங்க இடம் குறைவாகப் போதும் என்று எந்த வைத்தியர் கண்டுபிடித்தாரோ! 1939-ல் யுத்தம் மூண்டவுடன் லஸ்கர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து சிறைக்குப் போனார்கள், கூலியுயர்வும் பெற்றார்கள்.

1949-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் மாலுமிகளின் இருப்பிடம் பற்றி 92-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. படுக்கையறைகள் கப்பலின் நடுவிலோ பின்பகுதியிலோ நீர்மட்டக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்று அது சொன்னது. பெரிய முன்னேற்றம்தான். அதிலும் ஒரு சந்து வைத்தார்கள்: வழக்கத்தைவிட அதிகம் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிற கப்பல்களில் தலைக்கு உரிய தரையளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதிகம் ஆட்களை வைத்த கப்பல்கள் எவை? குறைந்த கூலிக்கு ஆசியத் தொழிலாளிகளை வைத்த கப்பல்கள்தான். பெயர் சொல்லாமல் நம்மை அடையாளம் காட்டிவிட்டார்கள்.

இரைச்சல் என்ற வார்த்தைக்குத் தனியாக ஓர் ஏடு கிடைத்தது 1970-ல்தான். அந்த வருஷம் ஜெனீவாவில் 141-வது சிபாரிசு, மாலுமிகளின் இருப்பிடத்தில் இரைச்சலைக் கட்டுப்படுத்துவது பற்றியே நிறைவேறியது. சிபாரிசு என்றால் தெரியுமல்லவா? செய்தால் நல்லது, செய்யாவிட்டால் கேட்பாரில்லை.

55-ம் 60-ம்

இப்போது சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 1981-ல் கப்பல் இரைச்சலுக்கு ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தது. அதுவும் சிபாரிசாகவே இருந்தது. அதைத் திருத்தி, 2014 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கினார்கள். அதன்படி 10,000 டன்னுக்கு மேற்பட்ட புதுக் கப்பலில் மாலுமியின் அறைக்குள் இரைச்சல் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது. 1,600 டன் முதல் 10,000 டன் வரையுள்ள கப்பலில் 60 டெசிபல் வரை போகலாம். இயந்திர அறையில் 110 வரை இருக்கலாம். காதுக் கவசம் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

60 என்றால் எவ்வளவு? இரண்டு பேர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுகிற சத்தம். "அவ்வளவுதானா?" என்று தோன்றும். டெசிபல் கணக்கு ரூபாய்க் கணக்கைப் போலக் கூட்டல் கணக்கல்ல. 10 ஏறினால் ஒலியின் சக்தி 10 மடங்கு, 20 ஏறினால் 100 மடங்கு, 30 ஏறினால் 1,000 மடங்கு. காதுக்கு ஒவ்வொரு பத்துக்கும் சுமார் இரண்டு மடங்காகக் கேட்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் என்ன சொன்னது? தூங்குகிற அறைக்குள் இடைவிடாத ஓசை 30 டெசிபலைத் தாண்டினால் தூக்கம் கெடும் என்றது. கப்பல் சட்டம் அனுமதிப்பது 60. இரண்டுக்கும் இடையே ஒலியின் சக்தியில் 1,000 மடங்கு வித்தியாசம்!

இன்னும் பக்கத்தில் வருவோம். இந்திய சர்க்கார் 2000-ஆம் வருஷம் போட்ட ஒலி மாசு விதிகள் மங்கலம்பேட்டைக்கும் பொருந்தும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸ்காரர் வந்து சொல்கிறாரே, அந்த விதிகள்தான். அதன்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல், கடைத்தெருவில் ராத்திரி 55 டெசிபல். இது வீட்டுக்கு வெளியே, தெருவில் அளக்கிற அளவு. சிறு கப்பலின் மாலுமிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற அறைக்குள்ளேயே 60. நம் கடைத்தெரு ராத்திரியில் இருக்க வேண்டியதைவிட அவன் கட்டிலருகே இரைச்சல் அதிகமாக இருக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

அந்த 60-ம்கூடப் புதுக் கப்பலைக் கட்டி முடித்துச் சோதனை ஓட்டம் விடும்போது, கடல் அமைதியாக இருக்கிற நாளில் அளப்பது. அப்போது இயந்திரமும் புதிது, அதைத் தாங்குகிற ரப்பரும் புதிது. பதினைந்து வருஷம் உப்புக் காற்றில் ஓடிய பிறகு விசிறியின் பேரிங் தேய்ந்து கத்தும், ஜன்னல் சட்டம் தளர்ந்து கடகடக்கும், சுவர்ப்பலகை ஆடும். அளக்கிற கருவியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது காதைப் போலச் செய்தது. அடித்தொண்டை ஓசையைக் குறைத்தே கணக்கிடும். கப்பலில் தூக்கத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு அந்த அடித்தொண்டை ஓசைக்கும் அதிர்வுக்கும்தான்.

2014-க்கு முன் கட்டிய கப்பல்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. 1,600 டன்னுக்குக் குறைந்த கப்பலுக்கும் கிடையாது. மீன்பிடி படகுகளுக்கு அறவே கிடையாது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று 2006-ல் நிறைவேறி 2013 ஆகஸ்டு 20-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் அதை ஏற்றது. 2016-ல் நம் சர்க்கார் விதிகளும் போட்டது. அது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். வாரத்துக்கு 77 மணி நேரம். நல்ல சட்டம், இதைக் கொண்டுவரத் தொழிற்சங்கங்கள் பல வருஷம் உழைத்தன. ஆனால் ஓய்வு நேரத்தை அளக்கிற சட்டம் தூக்கத்தை அளக்கவில்லை. பத்து மணி ஓய்வு என்று ஏட்டில் எழுதுகிறார்கள். அதில் எத்தனை மணி கண் மூடியது என்று எழுத ஏட்டில் கட்டமே இல்லை. படுக்கையறைகளை இயந்திரத்திலிருந்தும் வின்ச்சிலிருந்தும் காற்று ஊதும் யந்திரங்களிலிருந்தும் முடிந்தவரை தள்ளி வைக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையில் எழுதியிருப்பதும் வாஸ்தவம். எழுதியிருக்கிற இடம் எது? கட்டாயப் பகுதியில் அல்ல, வழிகாட்டும் பகுதியில்!

தள்ளி வைக்க முடியாதா? முடியும். பிரயாணிகள் உல்லாசமாகப் போகிற கப்பலில் ஏறிப் பாருங்கள். அங்கேயும் இயந்திரம் ஓடுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது. காசு கொடுத்தவனின் அறையில் இயந்திரம் ஓடுவதே தெரியாது. ஜெனரேட்டரை ரப்பர் மெத்தையில் உட்கார வைக்கிறார்கள், எஃகுத் தரையின் மேல் கம்பளிப் பஞ்சு பரப்பி அதன் மேல் இரண்டாவது தரை போடுகிறார்கள், புகைபோக்கிக்குள் நல்ல சைலென்சர் வைக்கிறார்கள், சுழல்விசிறியைத் தண்ணீர் குமிழ் விடாதபடி செதுக்குகிறார்கள். வித்தை மனிதனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. யாருக்காகச் செலவழிப்பது என்பதுதான் பிரச்சினை. உலகக் கப்பல்களில் மிகப் பெரும்பகுதி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று பிறர் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, தொழிலாளி ஒரு நாடு. யாரிடம் போய் "என் அறை கத்துகிறது" என்று சொல்வது?

சொல்ல இடம் இருக்கிறது என்பதையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2014-ன் விதிப்படி கட்டிய ஒவ்வொரு கப்பலிலும் இரைச்சல் அளந்த அறிக்கை கப்பலிலேயே இருக்க வேண்டும். மாலுமி கேட்டால் பார்க்கக் கிடைக்க வேண்டும். எந்த அறையில் எத்தனை டெசிபல் என்று அதில் இருக்கும். கேளுங்கள். ஓய்வு நேர ஏட்டில் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். வேலை செய்த நேரத்தை ஓய்வு என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கப்பலுக்குள் புகார் செய்ய உடன்படிக்கையே உரிமை தருகிறது. புகார் செய்தவனைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. கரை சேர்ந்தால் அந்தத் துறைமுகத்து அதிகாரியிடமும் சொல்லலாம், சங்கத்திடமும் சொல்லலாம். தனியாகப் போய்ச் சொன்னால் "இவனுக்குத் தூக்கம் வரவில்லையாம்" என்று சிரிப்பார்கள். நான் இருந்த ஒரு கப்பலில் ஒரு விசிறி மூன்று மாதம் கத்தியது. ஒருவன் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. அந்த வரிசையில் படுத்த ஏழு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். அடுத்த துறைமுகத்தில் பேரிங் வந்தது. விலை பெரிதல்ல. மூன்று மாதம் ஏழு பேர் தூக்கத்தைவிட அது மலிவு என்று அவர்களுக்குத் தெரிய, ஏழு கையெழுத்து தேவைப்பட்டது.

நம் கடற்கரையில்

பெரிய கப்பலை விட்டுக் கடலூர் முதுநகருக்கு வாருங்கள். அங்கே ஆற்றோரம் கட்டிக் கிடக்கிற விசைப்படகுகளைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கிற படகில் ஐந்தாறு பேர், எட்டுப் பேர் போகிறார்கள். டீசல் இயந்திரத்துக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே மனிதன். வீல் அறைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடைத்தால் அதுவே படுக்கையறை. புகைக்குழாய் தலைமாட்டில் திறந்திருக்கும். மடியை இறக்கி இரண்டு மூன்று மணி நேரம் இழுத்து, வின்ச் போட்டு மேலே ஏற்றி, மீனைப் பிரித்து ஐஸில் போட்டு, மறுபடி இறக்கும்வரை எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். அடுத்த மடி ஏறும்வரை கண்ணயரலாம். அந்த இரண்டு மணி நேரமும் இயந்திரம் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். கட்டுமரக் காலத்தில் கடலில் படுத்தவனுக்கு அலைச்சத்தம் மட்டும்தான். விசைப்படகு மீனை அதிகமாக்கியது, வருமானத்தை அதிகமாக்கியது, மறுக்கவில்லை. அதன் இரைச்சல் முழுவதும் யார் பங்கில் விழுந்தது? மீனில் பங்கு பிரிக்கும்போது டீசலுக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். கெட்ட தூக்கத்துக்கு அங்கே கணக்கில்லை.

மீன்பிடித் தொழிலாளருக்கென்று 188-வது உடன்படிக்கை 2007-ல் நிறைவேறி 2017-ல் அமலுக்கு வந்தது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் தினம் 10 மணி நேர ஓய்வு என்று அதுவும் சொல்கிறது. இருப்பிடத்தில் இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. இதைப் பற்றிக் கடற்கரை ஜில்லாக்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும். அதுவரை படகில் போகிறவனுக்கு எந்த டெசிபலும் இல்லை, எந்த ஏடும் இல்லை.

(உரைக்குப் பின் கேட்ட கேள்விகளில் இரண்டும், அவற்றுக்குத் தோழர் தந்த பதிலும்:)

கேள்வி: காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தால் தீர்ந்ததல்லவா?

பதில்: பலர் அப்படித்தான் படுக்கிறார்கள். பஞ்சு கீச்சுச் சத்தத்தைக் குறைக்கும். கட்டில் வழியாக எலும்புக்குள் வருகிற அதிர்வைக் குறைக்காது. அதோடு கப்பலில் தீ மணி அடித்தால் கேட்க வேண்டும். கேட்காமல் தூங்கிவிட்டால்? நல்ல தூக்கமும் வேண்டும், அபாய மணியும் கேட்க வேண்டும் என்றால் வெளியே இருக்கிற இரைச்சலைத்தான் குறைக்க வேண்டும். இயந்திர அறையில் வேலை செய்யும்போது காதுக் கவசம் கண்டிப்பாகப் போடுங்கள். வேலை முடிந்து வந்து படுத்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கடலூரில் படகு வேலைக்குப் போகும் ஓர் இளைஞர்): அண்ணே, சட்டம் வரும்போது வரட்டும். எங்கள் படகில் இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் புகைக்குழாயைப் பாருங்கள். சைலென்சர் ஓட்டையாகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். குழாயின் வாயைப் படுக்கிற பக்கத்திலிருந்து திருப்பச் சொல்லுங்கள். இயந்திரத்தைத் தாங்குகிற ரப்பர் நசுங்கி இரும்போடு இரும்பு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படகு முழுவதும் அதிர்வதற்கு அது ஒன்றே போதும். இயந்திரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் தீப்பிடிக்காத கண்ணாடிக் கம்பளி அடித்துத் தகரம் போடலாம். படுக்கிற பலகையை இயந்திரத்தின் மேலிருந்து எடுத்து முன்பக்கம் கொண்டுபோக இடமிருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். ஓடுகிற படகில் இதைச் செய்யச் சொன்னால் உரிமையாளர் "ஒரு நாள் தொழில் போச்சு" என்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு எப்படியும் கரையில்தான் நிற்கப்போகிறது. இயந்திரத்தை இறக்கி வேலை பார்க்கிறதும் அப்போதுதான். படகு ஏறுமுன் எல்லோருமாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்.